வகுப்பு நன்று, ஒலிபெருக்கிதான் எதிரி

நாள் முழுக்க நாற்காலியில் அமர்ந்து கணக்குப் பார்ப்பது என் வேலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வலது முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. சில மாதங்களாக ஒரு மாலை நேரக் குழு உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். என்னைப் போன்றவர்கள் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சேரலாம். முதல் காரணம் பயிற்சியாளர். எந்த அசைவையும் குதிக்காமல் செய்யும் எளிய முறையில்தான் முதலில் காட்டுகிறார். முடிந்தவர்கள் அதற்கு மேல் போகலாம். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கும். கடினமானதைச் செய்து காட்டிவிட்டு, முடியாதவர்கள் இப்படிச் செய்யுங்கள் என்பார்கள். உடனே வீம்புக்குக் குதித்து மூட்டைக் கெடுத்துக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள். இவர் நம் நிலையைத் திருத்தத் தொடுவதற்கு முன்பும் அனுமதி கேட்கிறார்.

வேகத்தை அறியப் பேசிப் பார்க்கச் சொல்கிறார். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு சொல்லுக்கே மூச்சு வாங்கினால் தீவிரம். உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. வகுப்போ வாரம் மூன்று நாள், 45 நிமிடம். கூட்டினால் 135தான் வருகிறது. மீதிக்கு நீங்களே நடந்துகொள்ளுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். கணக்குக்காரிக்கு இது பிடித்திருந்தது.

சுவரில் '21 நாளில் பழக்கம்' என்று ஒரு தாள் தொங்குகிறது. அதைக் கிழித்துவிடலாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. இருபத்திரண்டாம் நாளும் வகுப்புக்குக் கிளம்பச் சலிப்பாக இருப்பவரை அந்தத் தாள் வீணாகக் குற்றவாளி ஆக்குகிறது. நல்லவேளை, வராமல் போனவர்களை இங்கே யாரும் விசாரிப்பதில்லை. எடையை ஊரறியப் பலகையில் எழுதுவதும் இல்லை.

உடன் பயில்பவர்களும் பண்பானவர்கள். தாமதமாக வருபவர் பின்வரிசையில் நின்றுகொள்கிறார், பயன்படுத்திய எடைகளைத் துடைத்து வைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்குப் பாடம் எடுக்கும் ஒரே ஒருவர் மட்டும் உண்டு. அவரை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்.

பொறுக்க முடியாதது இசையின் சத்தம். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அப்படியானால் 97 டெசிபலில் அரை மணி நேரம்தான். என் கைபேசிச் செயலி அந்த அளவைத் தாண்டியே காட்டுகிறது. அதைத் துல்லியமான கருவி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் ரீங்காரம் கேட்பதற்குக் கருவி தேவையில்லை. முறையிட்டேன், உற்சாகம் குறைந்துவிடும் என்றார்கள். பயிற்சியாளர் அத்தனை கவனமாகச் சொல்லும் எளிய முறை பின்வரிசைக்குக் கேட்பதே இல்லை என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சேருவதாக இருந்தால், முன்வரிசையில் ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்க மூலையைப் பிடியுங்கள். காதடைப்பானும் எடுத்துச் செல்லுங்கள். ஐந்துக்கு மூன்றரை.