வளர்ப்புக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு: ஓவியமா, இசையா, நாடகமா?

பெற்றோரோடு இருக்க முடியாமல் தற்காலிகமாக வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கலை வகுப்பு தேடுபவர்கள் முதலில் ஆர்வத்தைத்தான் கேட்பார்கள். நாலாவது வாரம் வீடு மாறினால் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் குறைவு. நீதிமன்றத் தேதி, பெற்றோரைச் சந்திக்கும் நாள், புது வீடு, புதுப் பள்ளி என்று வருகை அறுந்துகொண்டே இருக்கும். இந்தக் கணக்கில் பார்த்தால் மூன்றுக்கும் வேறு வேறு மதிப்பெண்தான்.

அதிகம் தாங்குவது ஓவியம். ஒவ்வொரு வகுப்பும் அன்றைக்கே முடிந்துவிடும். நடுவில் சேர்பவரும் பின்தங்குவதில்லை. 6 முதல் 8 பிள்ளைகள், 2 பெரியவர்கள், 75 நிமிடம். கடைசி 15 நிமிடம் கழுவி எடுத்துவைக்க. அதைக் குறைத்தால் கையிலிருந்து பிடுங்கியதுபோல் ஆகி ரகளையில் முடியும். தொடக்கத்தில் நீர்வண்ணம் வேண்டாம்: அது நினைத்த பக்கம் ஓடும், "கெடுத்துட்டேன்" என்று பிள்ளை தாளைக் கிழிக்கும். ஆயில் பேஸ்டல் என்ற எண்ணெய் வண்ணக் குச்சி தீட்டிய இடத்தில் நிற்கும். "உன் குடும்பத்தை வரை" என்ற தலைப்பு கூடவே கூடாது. எந்தக் குடும்பத்தை என்று பிள்ளை திகைக்கும். "ஒரு கதவு, அதற்குப் பின்னால் என்ன?" என்பது போதும். கறுப்பாகத் தீட்டியதற்கெல்லாம் சோகம் என்று பொருள் சொல்லாதீர்கள். மற்ற வண்ணங்கள் தேய்ந்து போயிருக்கலாம்! படத்தை வைத்து மனத்துக்கு வைத்தியம் பார்ப்பது பயிற்சி பெற்ற கலைச் சிகிச்சையாளரின் வேலை, அது வேறு திட்டம்.

களிமண் பயணத்துக்கு ஆகாது. சுடாமல் காயும் களிமண்ணைக் கனமாக உருட்டினால், உள்ளே ஈரம் இருக்கும்போதே மேல்பகுதி காய்ந்து சுருங்கி வெடிக்கும். கசக்கிய அலுமினியத் தாளை உள்ளே வைத்து, மேலே 1 செ.மீ.க்கு மிகாமல் போர்த்தி, முதல் நாள் துணியால் மூடி மெதுவாகக் காயவிட்டால் பெரும்பாலும் தப்பும். உடைந்தால் "இன்னொன்று செய்யலாம்" என்று ஒதுக்க வேண்டாம். ஒட்டும் பசை மேசையிலேயே இருக்கட்டும்.

இசையில் இரண்டு வகை. கூட்டாகத் தாளம் அடிப்பதில் முதல் நாளே சேரலாம். திடீர்ச் சத்தத்துக்கு மிரளும் பிள்ளைகளைக் கதவருகே உட்காரவைத்து, வெளியே போய்வர அனுமதி கேட்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தனிக் கருவி என்றால், அது பிள்ளைக்கே சொந்தமாக வேண்டும். இரவல் கருவியை வீடு மாறும் நாளில் திருப்பி வாங்குவது இன்னோர் இழப்பு. குட்டி கிட்டார் போன்ற உகுலேலே ஏற்றது: நாலு நைலான் தந்தி, சின்ன அளவில் சுமார் 53 செ.மீ. நீளம், பையோடு தூக்கிப் போகலாம். புதுத் தந்தி முதல் ஒன்றிரண்டு வாரம் நீண்டு சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். இதைச் சொல்லாவிட்டால், தனக்கு வரவில்லை என்று பிள்ளை கீழே வைத்துவிடும்.

நாடகம்தான் சிக்கல். பத்துப் பன்னிரண்டு வாரம் ஒத்திகை, கடைசியில் மேடை. ஒன்பதாவது வாரம் ஒருவர் போனால் மொத்தக் குழுவும் சரியும். ஒவ்வொரு பாத்திரத்தையும் இருவர் பழகுவது, முகமூடியோ பொம்மையோ பயன்படுத்துவது ஓரளவு உதவும். படம், காணொளி வெளியே போனால் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதும் வெளியே தெரியும்; அவற்றை வெளியிடச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் அதிகாரம் பல இடங்களில் வளர்ப்புப் பெற்றோருக்கே இருக்காது. ஆனாலும் ஒரே வீட்டில் நிலைத்துவிட்ட பதின்வயதினருக்கு எங்கள் முதல் தேர்வு நாடகமே. உரத்த குரலில் "முடியாது" என்று சொல்லிப் பழக வேறெங்கே இடம்?

எதுவானாலும் சேட்டைக்குத் தண்டனையாக வகுப்பை நிறுத்தக்கூடாது. கலையில் பங்கெடுப்பது 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு தரும் உரிமை. படங்களை ஜிப் வைத்த கோப்பில், பின்பக்கம் தேதியோடு, வாராவாரம் வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள். கடைசியில் தரலாம் என்று வைத்த கோப்புகள், பிள்ளை போன பிறகும் அலமாரியிலேயே கிடக்கும்.