புகைக்குழாய் கோளாறுக்குப் பின் இழுக்காத லாரி: ஸ்கேனரா, கேஜா, கழற்றிப் பார்ப்பதா?

"வண்டி ஏற மாட்டேங்கு அண்ணாச்சி" என்று வரும் லாரிக்கு, அதுவும் சைலன்சர் வேலை பார்த்த பிறகு வந்தால், நெல்லைப் பக்கப் பட்டறைகளில் மூன்று வழி சொல்வார்கள்: ஸ்கேனர் போடு, பேக் பிரஷர் கேஜ் மாட்டு, குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார். சென்சார் என்ன நினைக்கிறது என்பதை ஸ்கேனர் காட்டும். குழாய்க்குள் உண்மையில் எவ்வளவு அழுத்தம் என்பதைக் கேஜ் காட்டும். கழற்றிப் பார்த்தால் பெரிய அடைப்பு உண்டா, இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

எதைத் தொடங்கும் முன்பும் எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைக்குழாயை ஒரு தகட்டால் மூடி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) கையால் அசைத்துப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, சூடு ஆறிய பின் அதை இயக்கும் சிலிண்டரின் இணைப்பைக் கழற்றி லிவரைத் தள்ளினால், அது சிக்காமல் அசைந்து முழுதாகத் திறக்க வேண்டும். கூடங்குளம், தூத்துக்குடி பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் இந்தத் தகடு துருப்பிடித்துப் பாதியில் சிக்கிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் சைலன்சரை மாற்றினால் பணம்தான் போகும்.

இன்னொன்று: சைலன்சர் ஓட்டை என்றால் இழுவை போகும் என்ற நம்பிக்கை. டர்போவுக்கு (புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) பின்னால் கசிந்தால் சத்தம்தான் கூடும். பி.எஸ். 6 (புதிய புகை விதிக்கு உட்பட்ட) வண்டியில் சென்சார் அளவுகள் குழம்பும், அவ்வளவுதான். இழுவையைத் தின்பது டர்போவுக்கு முன்னால் உள்ள கசிவு. மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் குழாய்) கேஸ்கெட் போனால் டர்போ சுற்றும் வேகம் குறையும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) விழும், லோடில் கரும்புகை வரும். கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு தெரியும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் 'டிக் டிக்' என்று கேட்கும். உலோகம் சூடேறி விரிந்ததும் அந்தச் சத்தம் மறைந்துவிடும்.

கேஜ்தான் பழைய வண்டிகளுக்கு முதல் தேர்வு. டர்போவுக்கும் சைலன்சருக்கும் நடுவில் அளவெடுக்க வேண்டும். பி.எஸ். 6 வண்டியில் டி.ஓ.சி.க்கு (புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி) முன்னால் இருக்கும் வெப்ப சென்சாரைக் கழற்றி, அதே மரை உள்ள அடாப்டரைப் போடலாம். பழைய வண்டியில் துளை போட்டு ஒரு நட்டை வெல்டு செய்து, வேலை முடிந்ததும் போல்ட்டால் மூடிவிடலாம். ரப்பர் ஹோஸை நேராக மாட்டினால் உருகிவிடும். நடுவில் ஒரு மீட்டராவது செம்புக் குழாய் வேண்டும். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து எடுக்கும் அளவு ஏமாற்றும், ஏனென்றால் லோடு இல்லாதபோது புகையின் ஓட்டம் குறைவு. தூத்துக்குடிச் சமவெளி ரோட்டில் காலி வண்டியாக ஓட்டினாலும் இதே கதைதான். லோடோடு புளியரை எஸ் வளைவு ஏற்றத்தில், பக்கத்தில் ஒருவர் முள்ளைப் பார்க்க, முழு மிதியில் எடுப்பதே சரியான அளவு. புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் (டி.பி.எஃப்.) இல்லாத டர்போ இன்ஜின்கள் பலவற்றுக்கு 10 கிலோபாஸ்கல், அதாவது 0.1 பார் சுற்றித்தான் உச்ச வரம்பு. டி.பி.எஃப். உள்ளவற்றுக்கு அது கூடும். அந்த எண்ணைக் கம்பெனி மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூஸ்ட்டையும் சேர்த்து எடுத்தால்தான் கேஜுக்கு மதிப்பு. பேக் பிரஷர் அதிகம், பூஸ்ட் குறைவு என்றால் அடைப்பு. இரண்டும் குறைவு என்றால் மேனிஃபோல்டு கசிவு, இன்டர்கூலர் ஹோஸ் வெடிப்பு, அடைத்த ஏர் ஃபில்டர், டர்போ ஆகியவற்றில் ஒன்று. டீசல் குறைந்தாலும் பூஸ்ட் எழும்பாது, அதனால் டீசல் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். குவாரிப் பக்கம் ஓடும் டிப்பர்களில் முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர்மேல்தான். இரண்டும் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் கோளாறு வேறிடத்தில், சைலன்சரை விட்டுவிடுங்கள்.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் ஸ்கேனர் முந்துகிறது. காரணம், குழாயில் அடைப்பே இல்லாமல்கூட இ.சி.யு. (இன்ஜினை ஆளும் கணினி) வேண்டுமென்றே டார்க்கை, அதாவது இழுவையை, குறைத்து வைத்திருக்கலாம். டி.பி.எஃப்.இல் கரிச்சுமை ஏறினாலோ, ஆட்ப்ளூ (புகையில் தெளிக்கும் யூரியாக் கரைசல்) தீர்ந்தாலோ, தரம் கெட்டாலோ அது அப்படிச் செய்யும். இதை எந்தக் கேஜும் காட்டாது. ஆட்ப்ளூவில் யூரியா 32.5 சதவீதம் இருக்கிறதா என்று ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். ராதாபுரம் பக்கத்து உப்புத் தண்ணீரைக் கலந்து நிரப்பிய வண்டியில் அதைத் தெளிக்கும் நாசில் அடைத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் ஸ்கேனரை அப்படியே நம்பக்கூடாது. சாவியைத் திருப்பி, இன்ஜினை ஓட்டாமல் இரண்டு எண்களைப் பாருங்கள். டி.பி.எஃப்.க்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் 0-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பூஸ்ட் சென்சார் முழு அழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து) காட்டுவதானால் திருநெல்வேலித் தாழ்நிலத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். தள்ளி நின்றால் சென்சார் பொய் சொல்கிறது. எண் சரியாக இருந்தாலும், டி.பி.எஃப். சென்சாருக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்கள் கரியில் அடைத்தோ வெடித்தோ கிடக்கின்றனவா என்று பாருங்கள். சைலன்சர் வேலை பார்த்தவர் இரண்டு ஹோஸையும் மாற்றிப் போட்டுவிடுவதும் உண்டு.

கழற்றிப் பார்ப்பது மலிவு, வேகம், ஆனால் பி.எஸ். 6-இல் நான் பரிந்துரைக்க மாட்டேன். கிளாம்ப்பும் கேஸ்கெட்டும் புதிதாக வேண்டும், ஃபால்ட் கோடு வரிசையாக ஏறும், சூடான புகை ஒயரிங்கிலும் ஏர் குழாயிலும் நேராக அடிக்கும். பழைய வண்டியில் சில நிமிடம், காலியாக, காய்ந்த புல் இல்லாத இடத்தில் மட்டும் செய்யலாம். அரைகுறை அடைப்பு இதில் சிக்காது.

டி.பி.எஃப். அடைப்பு உறுதியானால் ஃபோர்ஸ்டு ரீஜென் (ஸ்கேனரால் கட்டளையிட்டு ஃபில்டரைச் சூடாக்குவது) கரியை மட்டும் எரிக்கும். 550–600 டிகிரி சூட்டிலும் இன்ஜின் ஆயிலின் சாம்பல் போகாது. அதற்குக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். டர்போ ஆயில் கசிந்து ஊறிய ஃபில்டரில் ரீஜென் போடவே கூடாது, தீப்பிடிக்கும். உள்ளே இடித்துக் காலியாக்குவது சட்டப்படி தவறு, இ.சி.யு.வும் கண்டுபிடித்து இழுவையைக் குறைக்கும். குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவில் குறுநடை ஓடி, மீதி நேரம் ஐடிலில் நிற்கும் வண்டியில் ஃபில்டர் சூடாகவே ஆகாது. அப்படி அடைத்ததா, இன்ஜெக்டர் ஒழுகி அடைத்ததா என்று தெரிந்துகொள்ளாமல் சுத்தம் செய்தால் மறுபடியும் அடைக்கும். சுத்தம் செய்து மாட்டியதும் ஸ்கேனரில் சாம்பல் கணக்கை ரீசெட் செய்து, அதே ஏற்றத்தில் அதே லோடில் கேஜை மறுபடி பாருங்கள்.