செவ்வாய்க் கோள் புடைப்பு குளோப்: தொட்டுப் பார்த்த அனுபவம்

பார்வையற்ற பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருகிறேன். மேடு பள்ளங்களைப் புடைப்பாகச் செய்த செவ்வாய் குளோப் ஒன்றைப் போன மாதம் இணையத்தில் வாங்கினேன். 30 செ.மீ. விட்டம், 2,800 ரூபாய்.

எரிமலைகளைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள், அதற்கே பாராட்ட வேண்டும். தார்சிஸ் என்ற எரிமலை மேட்டில் அர்சியா, பவோனிஸ், அஸ்கிரேயஸ் மூன்றும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஒரே கோட்டில் விரலுக்கு அகப்படுகின்றன. அங்கிருந்து வடமேற்கே போனால் ஒலிம்பஸ் மான்ஸ் என்ற பெரிய எரிமலை. 1971 நவம்பரில் மரைனர் 9 விண்கலம் போய்ச் சேர்ந்தபோது கோள் முழுக்கப் புழுதிப் புயல். அந்தப் புழுதிக்கு மேலே கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தவை இந்த நான்கு உச்சிகள்தான். அதைச் சொன்னதும் பிள்ளைகள் நான்கையும் திரும்பத் திரும்பத் தேடித் தொட்டார்கள்.

"ஏன் சார் இது மட்டும் இவ்வளவு பெரிசு?" என்று ஒலிம்பஸைத் தொட்டபடி எட்டாம் வகுப்பு மாணவி கேட்டாள். பூமியில் ஹவாய்த் தீவுகளில் கடலடி நிலத்தட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால் எரிமலைகள் தீவு தீவாகப் பிரிந்துவிடுகின்றன. செவ்வாயில் அப்படி நகரும் தட்டுகள் இல்லை. ஒரே இடத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் எரிமலைக் குழம்பு வழிந்து வழிந்து ஒலிம்பஸ் ஏறத்தாழ 22 கி.மீ. உயர்ந்துவிட்டது.

ஆனால் அந்த மலையின் வடிவம்தான் தப்பு. விரலுக்குத் தெரிய வேண்டும் என்று உயரத்தைக் கூட்டியது சரி, இவ்வளவு கூட்டியிருக்க வேண்டாம். "ஆணி மாதிரி குத்துது சார்" என்றான் ஒரு பையன். நிஜத்தில் அது 600 கி.மீ. அகலத்துக்குக் கவிழ்த்த தட்டு போலப் பரந்து கிடக்கிறது. சரிவு சுமார் 5 டிகிரிதான். பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் கொடுத்தேன். இந்த குளோப்பின் அளவுக்கு ஒலிம்பஸின் அகலம் கிட்டத்தட்ட அந்த நாணயம், உயரம் அதன் தடிமனில் பாதி. நாணயங்களைத் தடவியே அடையாளம் காணும் பிள்ளைகள், உடனே பிடித்துக்கொண்டார்கள்.

பெரிய குறை இணைப்புதான். இரண்டு அரைக்கோளங்களை நிலநடுக்கோட்டில் ஒட்டியிருக்கிறார்கள். பவோனிஸ் கிட்டத்தட்ட அந்தக் கோட்டிலேயே இருப்பதால் மலை பிளந்து நிற்கிறது. "இது ஆறா சார்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மாற்றித் தந்ததிலும் அதே பிளவு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓரளவு மழுப்பினேன். பிரெயில் பெயர்களும் இல்லை, நானே எழுதி ஒட்டினேன்.

வகுப்புக்கு வாங்கலாம். எரிமலைகள் மேல் படாதபடி இணைப்பைத் துருவங்கள் வழியாக மாற்றினால் இன்னும் இரண்டு வாங்குவேன்.