நடை பழகும் வயதில் லேசான எக்ஸிமா: காரணத்தைத் தேடுவதா, தோலைக் கவனிப்பதா?

என் மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் சொரசொரப்பான திட்டுகள் தோன்றின. வீட்டுப் பெரியவர்கள் கரப்பான் என்றார்கள். மருத்துவர் லேசான எக்ஸிமா என்றார். அன்று முதல் எங்களுக்கு ஒரே கேள்விதான்: எதனால் வந்தது? பால், முட்டை, சோப்பு, தூசு என்று சந்தேகப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அந்தத் தேடலில் மூன்று மாதங்கள் கழிந்தன. அத்தனை நாளும் அவள் இரவில் சொறிந்து சொறிந்து அழுதாள். இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. எங்கள் முன் இருந்த வழிகளை அப்போதே ஒன்றோடொன்று வைத்துப் பார்த்திருந்தால் அந்த மூன்று மாதங்களில் பாதியையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம். இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில், வந்திருப்பது எக்ஸிமாதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் தலையிலும் வருவது, நடக்கும் வயதில் கைகால் மடிப்புகளுக்கும் மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் இடம் மாறும். டயப்பர் மூடியிருக்கும் பகுதி பெரும்பாலும் தப்பிவிடும். கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சாம்பல் அல்லது பழுப்பு நிறத்திலோ சிறு சிறு புள்ளிகளாகவோ தெரியும். விரல் இடுக்கிலும் உள்ளங்கையிலும் அரிப்பு இருந்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். ஓரம் தடித்து வட்டமாகப் பரவினால் படர்தாமரையைச் சந்தேகிக்கலாம். இவற்றுக்கு மருந்தே வேறு.

எக்ஸிமாவுக்கு ஒற்றைக் குற்றவாளி கிடையாது. தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தச் சுவரை உறுதியாக்கும் புரதங்களில் ஒன்று ஃபிலாக்ரின். அதற்கான மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பது 2006இல் தெரியவந்தது. சுவரில் விரிசல் இருந்தால் ஈரம் வெளியேறுகிறது, எரிச்சலூட்டும் பொருட்கள் உள்ளே புகுகின்றன, தோல் அழற்சி அடைகிறது. அரிப்பெடுத்துக் குழந்தை சொறிய, விரிசல் இன்னும் பெரிதாகிறது. ஆக, அடிப்படைக் காரணம் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்தது. நாம் வெளியே தேடி அலைவதெல்லாம் அதைக் கிளறிவிடும் தூண்டுதல்களைத்தான்.

அந்தத் தேடலிலும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உணவை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. மற்றொன்று, தோலைத் தொடும் பொருட்களைக் கவனிப்பது. நாங்கள் முதல் வழியில் போனோம். பாலை நிறுத்தினோம், பிறகு முட்டையை, பிறகு கோதுமையை. எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது என்பதை நாங்கள் அறியவில்லை. அது மிக மோசமாக இருக்கும்போதுதான் ஓர் உணவை நிறுத்துவோம். அடுத்த வாரம் அது எப்படியும் தணியும். உணவுதான் காரணம் என்று நம்பிவிடுவோம். பிறகு மீண்டும் வெடிக்கும்போது அடுத்த உணவின்மேல் பழி விழும். இப்படியே குழந்தையின் தட்டு காலியாகிக்கொண்டு வந்தது.

லேசான எக்ஸிமாவுக்கு உணவு காரணமாக இருப்பது அரிது. உணவை விலக்குவதால் கிடைக்கும் பலன் மிகச் சிறிது என்றே ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. அதன் ஆபத்து சிறியதல்ல. வளரும் குழந்தைக்குச் சத்துக் குறையும் என்பது ஒருபுறம். பழக்கத்தில் இருந்த உணவை நீண்ட நாள் நிறுத்தினால், திரும்பக் கொடுக்கும்போது உண்மையான ஒவ்வாமையே உருவாகியிருக்கக்கூடும் என்பது மறுபுறம். 2015இல் வெளியான லீப் ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகள் அதில் இருந்தார்கள். வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கு ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. சீக்கிரமே சாப்பிடத் தொடங்கியவர்களில் அது சுமார் 3 சதவீதம்தான். தவிர்ப்பதே பாதுகாப்பு என்ற எங்கள் நம்பிக்கை அதைப் படித்த அன்று கலைந்தது. ஓர் உணவைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்புகள், உதடு வீக்கம், வாந்தி ஏற்பட்டால் கதை வேறு. அப்போது மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் ஒரு பொதுவான ஒவ்வாமைப் பரிசோதனை எடுத்து, அதில் வந்த உணவுகளையெல்லாம் நிறுத்துவது சரியல்ல. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாத உணவுக்கும் ஒவ்வாமை உண்டு என்று அந்தப் பரிசோதனை காட்டக்கூடும்.

இரண்டாவது வழி மலிவானது, குழந்தைக்குத் துன்பம் இல்லாதது. வியர்வை, எச்சில், கம்பளி, மணமூட்டிய ஈரத் துடைப்பான்கள், சரியாக அலசாத துணியில் தங்கிய சலவைத்தூள், சோப்பு ஆகியவற்றைக் கவனித்தால் போதும். தோலின் அமில கார அளவு (pH) ஏறக்குறைய 5 இருக்கும். வழக்கமான சோப்புக்கு அது 9 முதல் 10 வரை, அதாவது காரத்தன்மை அதிகம். சோப்பை விட்டு, மணமில்லாத மென்மையான கழுவுபொருளுக்கு நாங்கள் மாறினோம். உணவை நிறுத்திய மூன்று மாதங்களில் கிடைக்காத பலன் இதில் தெரிந்தது.

இனி மருந்து. வெறும் ஈரப்பூச்சு (மாய்ஸ்சரைசர்) போதுமா, ஸ்டீராய்டு களிம்பு வேண்டுமா என்பதுதான் பெற்றோரை அதிகம் அலைக்கழிக்கும் கேள்வி. ஸ்டீராய்டு என்ற சொல்லே என்னைப் பயமுறுத்தியது. மருத்துவர் எழுதிக்கொடுத்த குழாயை அலமாரியில் வைத்துவிட்டு ஈரப்பூச்சை மட்டுமே பூசினேன். வறட்சிக்கு அது நல்லது. ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்கும் அழற்சியை அது அணைப்பதில்லை. நான் செய்த பெரிய தவறு அதுதான். லேசான எக்ஸிமாவுக்குத் தருவது பெரும்பாலும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன். ஸ்டீராய்டு களிம்புகளில் மிக மிதமானது அது. 1950களிலிருந்து தோலில் பூசப்பட்டு வருகிறது. திட்டு தெரிந்தவுடன் நாளுக்கு ஒரு முறை பூசி, தோல் வழவழப்பானதும் நிறுத்திவிடலாம். பெரும்பாலும் சில நாட்களிலேயே பலன் தெரியும். இரண்டு முறை பூசினால் கூடுதல் பலன் கிடைப்பதாகச் சான்று இல்லை. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரையான நீளத்துக்குப் பிதுக்கினால் வருவது ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்கு அது போதும். பயந்து பயந்து கடுகளவு தொட்டு வைத்தால் அழற்சி ஆறாமல் வாரக்கணக்கில் இழுக்கும். கடைசியில் மொத்தமாகப் பூசிய அளவு கூடிவிடும்.

பயப்பட வேண்டிய ஒன்று உண்டு. வீரியமிக்க ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தையும் கிருமிக்கொல்லியையும் கலந்த களிம்புகளை மருத்துவர் சொல்லாமல் வாங்கிக் குழந்தைக்குப் பூசவே கூடாது. தோல் மெலிவதெல்லாம் அப்படிப்பட்ட பயன்பாட்டில்தான் அதிகம் நடக்கிறது.

ஈரப்பூச்சில் லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் ஆகிய நான்கில் எது சிறந்தது? பிரிட்டனில் 550 குழந்தைகளிடம் நான்கையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. பலனில் வேறுபாடு இல்லை. எனவே குழந்தை ஓடாமல் நின்று பூசிக்கொள்ளும் எதுவோ அதுவே உங்களுக்குச் சிறந்தது. என் கவலை வகையைப் பற்றியதல்ல, அளவைப் பற்றியது. ஒரு குழந்தைக்குப் பூச வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தரலாம் என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ். நாங்கள் ஒரு சிறு குழாயை ஒரு மாதம் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஓர் எச்சரிக்கை: இந்தப் பூச்சுகள் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். குழந்தையை அடுப்பு, மெழுகுவர்த்தி அருகே விடாதீர்கள்.

எண்ணெய் பூசுவதில் எல்லா எண்ணெயையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. ஆலிவ் எண்ணெய் தோலின் காப்புச் சுவரையே பலவீனப்படுத்துவதாகப் பெரியவர்களிடம் 2013இல் செய்த ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காக மூலிகைச் சாறும் நறுமண எண்ணெயும் கலந்ததை விரிசல் விட்ட தோலில் பூச எனக்குத் துணிவில்லை. அந்தச் சேர்மானங்களே புதிய ஒவ்வாமையைக் கொண்டுவரலாம்.

குளியலைப் பொறுத்தவரை, வெதுவெதுப்பான நீர், குறைந்த நேரம், துடைத்தவுடன் பூச்சு, இவ்வளவுதான். குளிக்கும் நீரில் கலக்கும் எண்ணெய்ப் பூச்சுகளுக்குச் செலவழிக்க வேண்டாம். 482 குழந்தைகளிடம் நடந்து 2018இல் வெளியான பேத் (BATHE) ஆய்வு, அவற்றால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று கண்டது. பட்டு உள்ளாடையை 300 குழந்தைகளிடமும் நீரை மென்மையாக்கும் கருவியை 336 குழந்தைகளிடமும் சோதித்தார்கள். அவையும் எக்ஸிமாவைக் குறைக்கவில்லை. நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாட்டிக்கும் அதே வரிசைதான். தூக்கம் வரவழைக்கும் அரிப்பு சிரப் குழந்தையை மயங்க வைக்குமே தவிர, எக்ஸிமாவின் அரிப்பை அது பெரிதாகத் தொடுவதில்லை. நகத்தை ஒட்ட வெட்டுவதும், படுக்கையறையைக் குளிர்ச்சியாக வைப்பதும் எங்களுக்கு அதைவிட உதவின.

தேன் நிறப் பொருக்கு, நீர் கசிவு, திடீர்ப் பரவல் ஆகியவை தொற்றின் அடையாளம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். வலியுள்ள சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி, காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்ப்பிஸ் கிருமியாக இருக்கக்கூடும். விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

அலமாரியில் கிடந்த குழாயை ஒருவழியாக எடுத்துப் பூசிய ஐந்தாம் நாள், மகள் இரவு முழுவதும் உறங்கினாள். திட்டு இருந்த இடம் சற்று வெளிறியிருந்தது. களிம்பு தோலைக் கெடுத்துவிட்டதோ என்று மறுபடி பதறினேன். அழற்சி ஆறிய தோல் அப்படித்தான் நிறம் குறைந்திருக்கும், இயல்பு நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும் என்றார் மருத்துவர். இடது முழங்கை மடிப்பில் அந்த வெளிறல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் வழவழப்பாக இருக்கிறது. அவள் கை அந்தப் பக்கம் போவதே இல்லை.