கீழ்ப்பல் செட்டுக்கு எந்தப் பிடி நல்லது: பந்தா, லொக்கேட்டரா, பாரா, காந்தமா?

மேல்பல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ் செட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாக்கு தள்ளும், தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும், பசை தடவினாலும் மத்தியானத்துக்குள் ஆட ஆரம்பித்துவிடும். கீழ்ப்பல் மொத்தமும் போனவர்களுக்கு இரண்டு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் உலோகத் திருகு) மேல் மாட்டும் செட்டே முதல் தேர்வாக இருக்கட்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னது இதனால்தான். சரி, இம்பிளான்ட் போட்டாயிற்று. செட்டை அதில் எப்படி மாட்டுவது?

எனக்கு முதலில் போட்டது பந்து. இம்பிளான்ட் தலையில் ஒரு சின்ன உருண்டை, செட்டுக்கு அடியில் அதைக் கவ்வ ரப்பர் வளையம். கண்ணாடி பார்க்காமலே மாட்டலாம். ஆனால் வளையம் தேயும். முதலில் ரொட்டி சானாய் பிய்க்கும்போது முன்பக்கம் லேசாகத் தூக்கும், அப்புறம் கோப்பிக் கடையில் பேசும்போதே டக் டக் என்று சத்தம் வரும். உருண்டை உயரமானது என்பதால் அதற்கு மேலே செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் மெலிந்துபோய், ஒரு நாள் அங்கேயே விரிசல் விட்டது.

அதன் பிறகு ஈப்போ டாக்டர் உருண்டையைத் திருகிக் கழற்றிவிட்டு அதே இம்பிளான்டில் லொக்கேட்டரைப் பொருத்தினார். மறுபடி அறுவை கிடையாது. இது குட்டையானது, ரவிக்கையின் பிரஸ் பட்டன் மாதிரி 'டப்' என்று உட்காரும். செட்டுக்குள் இருக்கும் நைலான் துண்டின் நிறம்தான் பிடியின் பலம்: வெள்ளை சுமார் 2.3 கிலோ, இளஞ்சிவப்பு 1.4, நீலம் 0.7. பலமானதே நல்லது என்று நினைக்க வேண்டாம். வெள்ளையைப் போட்டபோது சாயங்காலம் செட்டைக் கழற்ற முடியாமல் தாடையே வலித்தது. இளஞ்சிவப்பு எனக்குப் போதும், கருவாட்டுச் சம்பலுக்கும் தாங்குகிறது.

லொக்கேட்டரின் எரிச்சல் அதன் நடுக்குழி. ஜம்பு விதை, தக்காளி விதை எல்லாம் அதில் போய் அடைந்துகொள்ளும். அதோடு கடித்து அமுக்கினால் நைலான் கிழிந்துவிடும். பிரஷ்ஷால் குழியைத் தேய்த்துவிட்டு விரலால் அமுக்குவதே சரி. நைலானும் தேயும்தான், ஆனால் மாற்றுவது சில நிமிட வேலை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு பஸ் ஏறும் நேரம்தான் அதைவிட அதிகம்!

அக்காவுக்கு பார். அவர் இம்பிளான்ட்டுகளை ஓர் உலோகக் கம்பியால் இணைத்து, செட் அதைக் கிளிப்பால் கவ்வுகிறது. பிடி நன்றாகவே இருக்கிறது, முறுக்கு கடிக்கிறார். ஆனால் லேப் வேலை அதிகம், செலவும் அதிகம். கம்பிக்கு அடியில் தினமும் நூல் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அக்கா கொஞ்ச நாள் விட்டார், ஈறு கம்பி வரைக்கும் வீங்கி வளர்ந்துவிட்டது.

மச்சானுக்குக் காந்தம்: செட்டுக்கு அடியில் காந்தம், இம்பிளான்ட் தலையில் அது ஒட்டும் உலோகம். வருடக்கணக்கில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய விரல்கள், இப்போது மடங்குவதில்லை. அவருக்கு லொக்கேட்டரை இழுத்துக் கழற்றும் பலம் கிடையாது. காந்தம் தானாகவே இடம் பார்த்து ஒட்டும், லேசாக நெம்பினால் வந்துவிடும். ஆனால் கெட்டியாகக் கடித்தால் பக்கவாட்டில் நழுவும், காந்தத்தின் உறை தேய்ந்தால் உள்ளே துருப்பிடிக்கும். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் செட்டைக் கழற்றினால் மட்டும் போதாது, வாயில் திருகியிருக்கும் உலோகத்தைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு லொக்கேட்டர்தான். விரல் மடங்காதவருக்கு காந்தமே மேல், பிடி குறைந்தாலும் பரவாயில்லை. பாரை, பொறுமையாகச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மட்டும்தான் சொல்வேன்.

எதைப் போட்டாலும் இம்பிளான்டின் பிராண்டையும் அளவையும் ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் மாறினால் பாகம் தேட அது வேண்டும். இன்னொன்று, இரண்டு இம்பிளான்ட் பிடிப்பது முன்பக்கத்தை மட்டும்தான். பின்பக்கம் ஈறின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நைலான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேய்ந்தால், புதியது போடுவதற்கு முன் செட்டின் அடிப்பக்கத்தை ஈறுக்கு ஏற்ப நிரப்பித் தர வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.