“உங்கள் கடன் அட்டை பற்றிச் சில கேள்விகள்”: இந்த மின்னஞ்சல் வந்தால் கவனம்

எனக்குத் தெரிந்த சில வீடுகளுக்கு ஒரே மாதிரியான மின்னஞ்சல் வந்திருக்கிறது. மேலே ஒரு தனியார் வங்கியின் பெயரும் இலச்சினையும். கீழே, கடன் அட்டைச் சேவை பற்றி ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கருத்துச் சொன்னால் 7,500 ரிவோர்ட் பொயின்ட்ஸ் தருகிறோம் என்று ஒரு வாசகம். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமி அதை நம்பிப் பதில் கொடுத்து, ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் பறிகொடுத்திருக்கிறார். அதை அனுப்பியது அந்த வங்கி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வங்கி நடந்துகொண்ட விதத்தையும் சொல்லாமல் விட முடியாது. இரண்டையும் எழுதுகிறேன்.

மாமி ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. சுப்பர்மார்க்கெட் பில்லைக்கூட எடுத்து வைத்து, மாதக் கடைசியில் அட்டைக் கூற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர். போனில் யாராவது ஓடிபி (கொள்வனவை உறுதிப்படுத்தக் கைபேசிக்கு வரும் ஒருமுறை இலக்கம்) கேட்டால் அப்படியே வைத்துவிடுவார். இதைக் கேள்விப்பட்ட பலர் “வயது போனவர், விபரம் தெரியாமல் மாட்டிக்கொண்டார்” என்கிறார்கள். அது நியாயமில்லாத பேச்சு. அந்தக் கருத்துக்கணிப்பைப் பிறகு நானும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அது நன்றாக யோசித்துச் செய்யப்பட்ட வேலை.

முன்பக்கக் கேள்விகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அட்டையை எதற்கு அதிகம் பாவிக்கிறீர்கள், சாமான் வாங்கவா, பெற்றோலுக்கா, இணையக் கடைகளுக்கா? வருடாந்தக் கட்டணம் நியாயமாக இருக்கிறதா? வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? எங்களை ஒரு நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை புள்ளி இடுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை 2003 இல் அமெரிக்காவில் ஃபிரெட் ரைக்கெல்ட் என்பவர் அறிமுகப்படுத்தினார். இன்றைக்கு வங்கி, ஹொட்டேல், தொலைபேசி நிறுவனம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழகிப்போன கேள்வி என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. காத்திருக்கும் நேரம் பற்றிய கேள்விக்கு மாமி ஒரு பந்தி எழுதியிருக்கிறார். மனதில் இருந்ததைக் கேட்டால் யார்தான் சொல்லமாட்டார்கள்?

விஷயம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பொயின்ட்ஸை எந்த அட்டைக்கு வரவு வைக்கலாம் என்று கேட்டு, அட்டை இலக்கத்தின் முதல் ஆறு இலக்கங்களை அவர்களே நிரப்பி வைத்திருந்தார்கள். மீதியை நாம் நிரப்ப வேண்டும். அப்புறம் காலாவதித் திகதி, அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் மூன்று இலக்கம். மாமி தன் அட்டையை எடுத்து வைத்து ஒப்பிட்டிருக்கிறார். ஆறும் பொருந்தியது. வங்கிக்கு மட்டும்தானே இது தெரியும் என்று அவர் நினைத்ததில் என்ன தவறு?

ஆனால் அந்த ஆறு இலக்கங்கள் ரகசியமே இல்லை. விசா அட்டை எல்லாம் 4 இல் தொடங்கும். மாஸ்டர்கார்ட் 5 இலோ 2 இலோ தொடங்கும். அதைத் தொடர்ந்து வருபவை எந்த வங்கி, எந்த வகை அட்டை என்பதைக் குறிக்கும் இலக்கங்கள். ஒரே வங்கியின் ஒரே வகை அட்டை வைத்திருக்கும் எத்தனையோ பேருக்கு முதல் ஆறும் ஒன்றாகவே இருக்கும். அப்படி ஓர் அட்டையைக் கண்ணால் பார்த்தவனுக்கு மற்றவர்களுடையதும் தெரிந்த மாதிரித்தான். வங்கிகள் வழக்கமாகக் காட்டுவது கடைசி நான்கு இலக்கங்களை. அவைகூடக் கடை ரசீதுகளில் அச்சாகி வருவதால், அவற்றை வைத்தும் நம்பிவிடக் கூடாது.

பெயரைச் சரியாகப் போட்டு எழுதியிருந்தது என்பதும் சான்றாகாது. நிறுவனங்களுக்காக வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொடுக்கும் எப்சிலன் என்ற அமெரிக்கக் கம்பனியில் 2011 இல் தகவல் திருட்டு நடந்தபோது, சிட்டி, ஜேபி மோர்கன் சேஸ் உட்படப் பல வங்கிகளின் வாடிக்கையாளர் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் வெளியே போயின. வங்கி தன் கணினியைப் பூட்டி வைத்திருந்தாலும், அது வேலை கொடுத்த இடத்திலிருந்து பட்டியல் போய்விடலாம்.

அட்டை விபரத்தைக் கொடுத்ததும் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. “உறுதிப்படுத்தும் இலக்கம் உங்கள் கைபேசிக்கு வரும்” என்றது. வந்தது, வங்கியின் உண்மையான ஓடிபி. அந்த நேரத்தில் மறுமுனையில் இருந்தவன் வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் மாமியின் அட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். குறுஞ்செய்தியில் கடையின் பெயரும் தொகையும் இருந்தன. ஆனால் போன் திரையின் மேலே எட்டிப்பார்க்கும் முதல் வரியில் இலக்கம் மட்டும்தான் தெரிந்தது. விசைப்பலகையும் அந்த இலக்கத்தை எடுத்து நீட்டியது. மாமி தொட்டார், போனது. உடனே “இலக்கம் தவறு, புதிதாக வந்ததை இடவும்” என்று இன்னொரு பக்கம். இரண்டாவது ஓடிபி இரண்டாவது கொள்வனவுக்கு.

பணம் கழிந்த குறுஞ்செய்திகள் வந்ததும் எனக்கு அழைத்தார். “தம்பி, ஒருக்கா இந்த மெசேஜைப் பாருங்கோ, நான் ஒண்டும் வாங்கேல்லையே” என்றார். குரல் நடுங்கியது.

அட்டையின் பின்னால் இருந்த இலக்கத்துக்கு உடனே எடுத்தோம். மொழியைத் தெரிவு செய், சேவையைத் தெரிவு செய் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. மோசடி என்று ஒரு தெரிவே இல்லை. தமிழைத் தெரிவு செய்தும் தமிழ் பேசும் அலுவலர் கிடைக்கவில்லை. கடைசியில் வந்தவர் அட்டையை நிறுத்தினார், அதற்கு நன்றி. ஆனால் அந்த இரண்டு தொகையும் இன்னும் கணக்கில் முழுமையாகப் பதிவாகாமல் நிலுவையில்தான் இருந்தன. அவற்றை நிறுத்தச் சொன்னோம். பதிவான பிறகு ஆட்சேபனைப் படிவம் கொடுங்கள் என்றார். முறைப்பாட்டு இலக்கத்தை நாங்களாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. படிவம் கொடுத்தோம், கடிதம் வந்தது: ஓடிபி சரியாக இடப்பட்டிருப்பதால் பொறுப்பு அட்டைதாரருடையது. கடிதம் முழுக்க ஆங்கிலத்தில்.

இதைவிட எனக்குக் கோபம் தருவது வேறொன்று. சில மாதங்களுக்கு முன் இதே வங்கி உண்மையாகவே ஒரு கருத்துக்கணிப்பு அனுப்பியது. மாமிக்கும் வந்தது, எனக்கும் வந்தது. அதை அனுப்பியது வங்கி வேலை கொடுத்த ஓர் ஆய்வுக் கம்பனி. முகவரியில் வங்கியின் பெயரே இல்லை, லிங்க் ஒன்றரை வரி நீளம், தலைப்பில் எழுத்துப் பிழை. இது மோசடியாக இருக்குமோ என்று கிளையில் போய்க் கேட்டேன். மேசையில் இருந்தவர் பார்த்துவிட்டு, “எங்கடையாத்தான் இருக்கும் சேர், பிரச்சினை இல்ல” என்றார். பிறகு அது உண்மையானதுதான் என்று தெரிந்தது. ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை, அனுமானத்தில் சொன்னார். உண்மையான கருத்துக்கணிப்பு போலியைவிடச் சந்தேகமாக இருந்தால், வாடிக்கையாளர் எதை வைத்துப் பிரித்தறிவது? “எழுத்துப் பிழை இருந்தால் மோசடி” என்று பத்திரிகைகளில் எழுதும் அறிவுரையை மாமி படித்திருந்தார். ஆனால் அந்தப் போலி மின்னஞ்சலில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

ஆகவே தோற்றத்தை விடுங்கள். என்ன கேட்கிறார்கள் என்பதைப் பாருங்கள். உங்கள் அட்டை இலக்கம் வங்கிக்கு ஏற்கெனவே தெரியும். பொயின்ட்ஸ் போடுவதற்கு அது உங்களிடம் கேட்க வேண்டியதில்லை. ஆய்வுக் கம்பனிக்கோ உங்கள் அபிப்பிராயம்தான் தேவை, அட்டை தேவையில்லை. முழு இலக்கம், காலாவதித் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், ஓடிபி, இணைய வங்கிக் கடவுச்சொல், அடையாள அட்டை இலக்கம் இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் அது கருத்துக்கணிப்பு இல்லை. எந்தப் பக்கத்தில் கேட்டாலும் சரி, எவ்வளவு அழகாகக் கேட்டாலும் சரி. கூகுள் ஃபோம்ஸ் படிவங்களின் அடியிலேயே கடவுச்சொல்லை இதில் ஒருபோதும் கொடுக்காதீர்கள் என்ற வரி இருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை.

அனுப்பியவரின் முகவரியையும் பார்க்கத்தான் வேண்டும். போனில் பெயர் மட்டும்தான் தெரியும், அந்தப் பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் முழு முகவரி வரும். லிங்கில் பார்க்க வேண்டியது, தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பகுதி. அதுதான் தளத்தின் சொந்தக்காரர் யார் என்று சொல்லும். மாமிக்கு வந்ததில் வங்கியின் பெயர் முன்னால் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு புள்ளி, பிறகு யாரோ பதிவு செய்த வேறொரு பெயர். இடமிருந்து படித்தால் வங்கி, சாய்கோட்டிலிருந்து பின்னோக்கிப் படித்தால் திருடன். பூட்டுப் படம் இருந்ததே என்று மாமி கேட்டார். அந்தப் பூட்டு, நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் பார்க்க முடியாது என்பதை மட்டும் காட்டுகிறது. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகத் தருகின்றன, திருடனும் எடுக்கலாம்.

இவ்வளவையும் பார்க்கப் பொறுமை இல்லாவிட்டால் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். கருத்துச் சொல்லாததற்காக எந்த வங்கியும் அட்டையை நிறுத்தாது. கட்டாயம் பதில் சொல்ல விருப்பம் என்றால், அட்டையின் பின்னால் இருக்கும் இலக்கத்துக்கு எடுத்து, இன்ன கம்பனியிடம் கருத்துக்கணிப்பு ஒப்படைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். “இருக்கும்” என்று பதில் வந்தால் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் தரப்பட்டிருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

இன்னொரு வகையும் இருக்கிறது. அதில் அட்டை இலக்கம் கேட்கவே மாட்டார்கள். எந்த வங்கி, கடன் எல்லை எவ்வளவு, கைபேசி இலக்கம், எத்தனை மணிக்கு அழைக்கலாம், இவ்வளவுதான். பிறகு வங்கி அலுவலர் என்று ஒருவர் அழைப்பார். நீங்கள் சொன்னதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்லி நம்பிக்கை பிடித்துவிட்டு ஓடிபி கேட்பார். அப்படி ஒரு படிவத்தை ஏற்கெனவே நிரப்பியிருந்தால் வரப்போகும் அழைப்புக்குத் தயாராக இருங்கள்.

விபரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதல் வேலை அட்டையை நிறுத்துவது. செயலியில் தற்காலிகமாகப் பூட்டும் வசதியைச் சில வங்கிகள் தருகின்றன, அழைப்பில் காத்திருப்பதைவிட அது வேகம். அடுத்து வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு, திகதியும் நேரமும் போட்டு. மின்னஞ்சலை அழிக்க வேண்டாம், குறுஞ்செய்திகளையும் வைத்திருங்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை எடுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், அட்டை மோசடிகளுக்கென்றே வந்த 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டமும் நடைமுறையில் இருக்கின்றன. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. போலித் தளத்தைப் பற்றி, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 இல் சொல்லலாம். வங்கியின் பதில் திருப்தி இல்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், இலக்கம் 1935.

நாங்கள் இப்போது மத்திய வங்கிக்கு எழுதியிருக்கிறோம். மாமி தன் கையால், தமிழில் எழுதினார். இரண்டு விடயம் கேட்டிருக்கிறோம். பணம் நிலுவையில் இருந்தபோதே அறிவித்தும் ஏன் எதுவும் செய்யவில்லை என்பதற்கு வங்கி விளக்கம் தர வேண்டும். தன் பெயரில் கருத்துக்கணிப்பு நடத்தும் கம்பனிகள் எவை என்பதை அது தன் இணையத்தளத்தில் மூன்று மொழியிலும் போட வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. உங்களுக்கும் இதே வங்கியின் பெயரில் இந்த 7,500 பொயின்ட்ஸ் மின்னஞ்சல் வந்திருந்தால், லிங்கைத் தொடாமல் அப்படியே வைத்திருந்து முறைப்பாடு கொடுங்கள்.