ஓக் பலகை ஓகே, போல்ட் பொட்டலம்தான் சொதப்பல்

என்னுடையது 1951 செவ்ரோலே 3100 பிக்கப். ஹூஸ்டன் மழையிலும் புழுக்கத்திலும் நின்று நின்று பின் தொட்டியின் தரைப்பலகை உளுத்துப்போய், ஸ்க்ரூடிரைவரை வைத்தால் அல்வாவில் இறங்குவதுபோல இறங்கியது. ஆன்லைனில் ஒரு ரெடிமேட் செட் தருவித்தேன்: எட்டு வெள்ளை ஓக் பலகை, நடுவில் பதிக்க ஸ்டெயின்லெஸ் பட்டைகள், ஒரு போல்ட் பொட்டலம்.

மரத்தைக் குறை சொல்ல வழியில்லை. முக்கால் அங்குலக் கனம், பட்டை உட்காரும் ஓர வெட்டு எல்லாப் பலகையிலும் ஒரே அளவு. வெள்ளை என்று சொல்லி சிவப்பு ஓக்கைத் தள்ளிவிட்டார்களோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. சிவப்பு ஓக்கின் நுண்துளைகள் திறந்தே இருக்கும். ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று வரும். வெள்ளை ஓக்கில் அடைத்திருக்கும், விஸ்கி பீப்பாய் செய்வதே அதனால்தான். கூட வந்த சாம்பிள் துண்டைத் தம்ளர் தண்ணீரில் வைத்து என் மகள் கன்னம் உப்ப ஊதினாள். ஒரு குமிழிகூட இல்லை.

போல்ட்தான் கோபம் வரவைத்தது. முலாம் பூசாத வெறும் இரும்பு! ஓக்கில் கடுக்காய் மாதிரி துவர்ப்பு உண்டு. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மை கொட்டியதுபோலக் கறுத்துவிடும். ஓக் விற்கிறவர்களுக்கு இது தெரியாதா? போன் செய்ததும் ஸ்டெயின்லெஸ் போல்ட் அனுப்பினார்கள், தபால் செலவை என் தலையில் கட்டி.

கூட வந்த ஒற்றைத் தாளில் வார்னிஷ் பற்றி ஒரு வரி இல்லை. மாட்டுவதற்கு முன்பே ஆறு பக்கமும் அடித்துவிடுங்கள், அறுத்த முனைகளுக்கு இரண்டு கை கூடுதலாக. தண்ணீர் அங்கேதான் குடிக்கும். சேஸிஸ் போல்ட்டுக்கான துளைகளையும் நாமே போட வேண்டும். மாட்டுவது சுலபம். போல்ட்டின் சதுரக் கழுத்து பட்டையின் சதுரத் துளையில் பிடித்துக்கொள்வதால், கீழே மல்லாந்து படுத்துத் தனி ஆளாகவே நட்டை முறுக்கிவிடலாம்.

அந்தக் காலத்தில் கம்பெனி போட்டது பெயின்ட் அடித்த பைன் பலகைதான். ஓக்கும் பளபளப்பும் நம் ஆசைக்கு. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருந்த சித்தப்பா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "லோடு ஏத்துற வண்டிக்கு எதுக்குடா வார்னிஷ்?" என்றார்.

போன வாரம் தோட்டத்துக்கு நாலு மூட்டை உரம் வாங்கினேன். மனைவியின் காரில்தான் ஏற்றி வந்தேன்.